சின்ன மின் திருப்புளி: எதைப் பார்த்து வாங்குவது?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பல வீடுகளில் ஒரே மாதிரியான வேலைகள்தான் கிளம்பும். புதுத் திரைச்சீலைக்குக் கம்பி மாட்ட வேண்டும். ஒரு பக்கமாகத் தொங்கிப்போன சமையலறை அலமாரிக் கதவை நிமிர்த்த வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் பலகை பலகையாக வந்து இறங்கிய செருப்பு அலமாரியைப் பூட்ட வேண்டும். சாமி மேடையின் ஆடுகிற காலை இறுக்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய வேலையில்லை. சேர்த்துப் பார்த்தால் ஐம்பது, அறுபது திருகாணிகள். ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டைப் பல தடவை திருப்பியாக வேண்டும்.

காலமெல்லாம் பால்வெட்டுக் கத்தி பிடித்த கைக்கு இது சின்ன விஷயமில்லை. பிள்ளைகள் பட்டணத்தில் வேலையாக இருக்க, அவர்கள் பெருநாள் விடுமுறைக்கு வந்து சேரும்வரை கதவு தொங்கியபடியே கிடக்கும் வீடுகள் தோட்டத்திலும் உண்டு, தாமான்களிலும் உண்டு. விசையை அழுத்தினால் தானே சுற்றும் சிறிய மின் திருப்புளி அந்த வீடுகளுக்கு உண்மையிலேயே உதவும். முந்நூறு, நானூறு கிராம்தான் எடை. மின்கம்பி இழுக்க வேண்டியதில்லை. சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம்.

ஆனால் வாங்கியவர்களில் பலர் ஏமாந்துதான் போகிறார்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் துண்டுகளின் எண்ணிக்கையையும் வோல்ட்டையும் பார்த்து வாங்குகிறார்கள். முதல் நாளே மரத்தூள் பலகையில் திருகாணி பிடிப்பு விட்டுச் சும்மா சுழல்கிறது. இரண்டாம் நாள் திருகாணியின் தலை தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடுகிறது. அடுத்த தீபாவளிக்கு எடுத்துப் பார்த்தால் பேட்டரி எழுந்திருப்பதில்லை. கருவி பழைய சாமான் மூலைக்குப் போய்விடுகிறது. இந்த மூன்று கோளாறுகளையும் கடையில் நிற்கும்போதே தவிர்க்க முடியும்.

டிரில் அல்ல, திருப்புளி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சின்னக் கருவி சுவரைத் துளைக்காது. தாமான் வீட்டின் செங்கல் சுவரிலும், அடுக்குமாடி வீட்டின் கான்கிரீட் சுவரிலும் ஓட்டை போட, தட்டிக்கொண்டே சுழலும் ‘ஹேமர் டிரில்’ வேண்டும். திரைச்சீலைக் கம்பிக்கான ஓட்டையை அதனால் போட்டு, பிளாஸ்டிக் செருகியை அடித்து இறக்கிய பிறகு, திருகாணியை ஏற்றும் வேலை மட்டும்தான் மின் திருப்புளியுடையது. சில பெட்டிகளில் ‘டிரில்’ என்றும் அச்சிட்டு இரண்டு மெல்லிய துளையூசிகளைப் போட்டுக் கொடுப்பார்கள். மெல்லிய பலகையில் சின்ன ஓட்டைக்கு அது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவை 3.6 வோல்ட். உள்ளே ஒரே ஒரு லித்தியம் அயன் பேட்டரிதான் இருக்கும். ஒரு லித்தியம் பேட்டரியின் வழக்கமான அளவு 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வரை போகும். சில நிறுவனங்கள் 3.6 என்று எழுதுகின்றன; சில 4 என்று எழுதுகின்றன. இரண்டும் ஒன்றுதான். அந்த வித்தியாசத்துக்காகப் பத்து ரிங்கிட் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

வோல்ட்டை விடப் பார்க்க வேண்டியது முறுக்கு விசை. பெட்டியின் பின்புறம் நியூட்டன் மீட்டர் கணக்கில் எழுதியிருக்கும். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு கிடைக்குமோ, அதுதான் ஏறக்குறைய ஒரு நியூட்டன் மீட்டர். இந்தச் சின்னக் கருவிகள் மூன்று முதல் ஆறு வரை கொடுக்கும். அலமாரி, கதவுக் கீல், பொம்மையின் பேட்டரி மூடி, நாற்காலிக் கால் எல்லாவற்றுக்கும் ஐந்து நியூட்டன் மீட்டர் தாராளம். வேகம் நிமிடத்துக்கு 200 சுற்று அளவில் இருக்கும். முப்பது மில்லிமீட்டர் திருகாணி ஒன்று பலகைக்குள் இறங்கப் பதினைந்து சுற்று என்று வைத்தாலும் ஐந்து விநாடியில் முடிந்துவிடும். வேகம் குறைவு என்பது இங்கே குறையல்ல. கை நடுங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது.

பழைய தோட்ட வீடுகளின் பலகைதான் இந்தக் கருவிக்குச் சோதனை. மெரந்தி போன்ற மிதமான மரமென்றால் சமாளிக்கும். செங்கால் மரச் சட்டத்தில் நேராகத் திருகாணியை வைத்து அழுத்தினால் பாதியில் நின்றுவிடும். ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும் கன மரம் அது. நான்கு மில்லிமீட்டர் திருகாணிக்கு மூன்று மில்லிமீட்டர் துளையை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். திருகாணியின் மரையில் கொஞ்சம் மெழுகுவத்தியைத் தேய்த்தால் இன்னும் சுலபமாக இறங்கும். சவர்க்காரம் தேய்ப்பது பழைய வழக்கம். ஆனால் அது ஈரத்தை இழுத்துத் திருகாணியைத் துருப்பிடிக்க வைக்கும்.

வாசல் இரும்புக் கதவு, தண்ணீர்த் தொட்டி மேடை, வெளித்தாழ்வாரக் கூரை என்று பெரிய வேலை அடிக்கடி வரும் வீடென்றால், இந்தக் கருவியை விட்டுவிட்டு 12 வோல்ட் டிரில் வாங்குவதே கணக்குக்குச் சரி. எடை ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். விலையும் கூட. ஆனால் அது இரண்டு வேலையையும் செய்யும். சின்னது ஒன்றை வாங்கிப் பெரிய வேலைக்குப் போட்டு எரிப்பதுதான் உண்மையான வீண்செலவு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பேனா வடிவத்தில் ஒன்று விற்கிறது. கைப்பேசி, மூக்குக்கண்ணாடி, மடிக்கணினி திறப்பதற்கானது. அதன் நுனிகள் நான்கு மில்லிமீட்டர் தடிமன்தான். இணையக் கடையின் படத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிவதால் அதை வாங்கிவந்து அலமாரி பூட்ட முயன்றவர்கள் உண்டு. வீட்டு வேலைக்கான திருப்புளி, 6.35 மில்லிமீட்டர் அறுகோண நுனியை ஏற்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

டக் டக் சத்தம் போடும் வளையம்

பெட்டியில் எழுதாமலே விட்டுவிடும், ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான உறுப்பு ஒன்று உண்டு. கருவியின் கழுத்தில் எண்கள் போட்ட வளையம் இருக்கும். அதற்குக் கிளட்ச் என்று பெயர். ஓர் எண்ணில் வைத்தால், திருகாணி அந்த அளவு இறுகியதும் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். நுனி மேற்கொண்டு சுழலாது.

இது ஏன் முக்கியம் என்றால், இன்று வீடுகளில் இருக்கும் அலமாரிகளில் பெரும்பாலானவை மரமே அல்ல. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை, மேலே மரம் போன்ற தாள். அதில் திருகாணி ஒரு முறை அளவுக்கு மேல் சுழன்றால் உள்ளே பிடிமானம் தூளாகிவிடும். கையால் திருப்பும்போது இறுகியது விரலுக்குத் தெரியும், நிறுத்திவிடுவோம். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. கிளட்ச்தான் அந்த விரல். ஆகக் குறைந்த எண்ணில் தொடங்கி, திருகாணி தலை பலகையோடு பொருந்தும்வரை ஒவ்வோர் எண்ணாக ஏற்றுவதே சரியான முறை. கிளட்ச் இல்லாத கருவியை வாங்கினால், கடைசி இரண்டு சுற்றைக் கையால் முடிக்கும் பழக்கம் வேண்டும்.

ஏற்கெனவே பிடிப்பு விட்ட ஓட்டைக்கு வழியில்லாமல் இல்லை. சாத்தே குச்சியை மரப்பசையில் தோய்த்து ஓட்டைக்குள் இறுகச் செருகி, மேல்மட்டத்தோடு ஒடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதே இடத்தில் திருகாணியை ஏற்றலாம். சமையலறைக் கதவுக் கீல்கள் இந்த வைத்தியத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

கிளட்சுக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது, மோட்டார் நின்றிருக்கும்போது நுனி அசையாமல் பூட்டிக்கொள்கிறதா என்பது. பூட்டிக்கொண்டால் அதே கருவியைச் சாதாரணத் திருப்புளியாகவும் பிடித்து முறுக்கலாம். துருப்பிடித்த திருகாணியை மோட்டாரால் கழற்றப் பார்த்தால் தலைதான் தேயும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு, சற்று நேரம் ஊறவைத்து, முதல் கால் சுற்றைக் கையால் நெகிழ்த்திவிட்டு, பிறகு விசையை அழுத்த வேண்டும். கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லாத கருவி பாதிக் கருவிதான்.

கூட்டல் குறி எல்லாம் ஒன்றல்ல

திருகாணித் தலை தேய்வதற்குப் பேட்டரியோ மோட்டாரோ காரணமில்லை. நுனி பொருந்தாததுதான் காரணம். கூட்டல் குறி போட்ட திருகாணி எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். வீட்டில் புழங்குவதில் மட்டும் மூன்று வகை இருக்கிறது.

முதலாவது பிலிப்ஸ். அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1930களில் காப்புரிமை பெற்றுக் கார் தொழிற்சாலைகளுக்குள் கொண்டுசென்ற வடிவம் இது. நுனியில் ‘பிஎச்’ என்று பொறித்திருக்கும். அதிகமாக அழுத்தி முறுக்கினால் நுனி மேலே எழும்பி நழுவுவது இதன் குணம். இரண்டாவது போசிடிரைவ், ‘பிஇசட்’ என்று போட்டிருக்கும். கூட்டல் குறிக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் தலையில் தெரிந்தால் அது இந்த வகை. ஐரோப்பியத் தளவாடங்களோடு வரும் திருகாணிகளில் இதுவே அதிகம். பிஇசட் திருகாணியில் பிஎச் நுனியை வைத்தால் உட்காரும்; சுழலும்; மூன்றாவது தடவை தலையை அரித்துவிடும். பலரும் கருவியைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது ஜப்பானிய வகை. இது வீட்டுக்குள் இல்லை, வாசலில் நிற்கிறது. ஹோண்டா, யமஹா கப்சாய் மோட்டார் சைக்கிள்களின் பழைய திருகாணிகளில் தலையோரம் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜப்பானியத் தரத்தில் செய்தது. பிலிப்ஸ் நுனி அதன் அடிவரை இறங்காது. கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தின் திருகாணிகள் பல வீடுகளில் மொட்டையாகிக் கிடப்பதற்கு இதுதான் காரணம். அதற்கு ஜப்பானிய நுனி வாங்கிக் கையால் கழற்ற வேண்டும். எஞ்சின் மூடித் திருகாணிகளுக்குச் சுத்தியலால் தட்டித் திருப்பும் கருவி வேண்டும். இந்தச் சின்ன மின் திருப்புளியை மோட்டார் சைக்கிள் பக்கமே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

அப்படியானால் எத்தனை நுனிகள் வேண்டும்? பிஎச் 1, பிஎச் 2, பிஇசட் 2, தளவாடங்களுக்கான நான்கு மற்றும் ஐந்து மில்லிமீட்டர் அறுகோணம், ஒரு தட்டை நுனி. சாதாரண வீட்டில் பத்தில் ஒன்பது வேலை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். மகிட்டாவின் டிஎஃப்001டி 3.6 வோல்ட் கருவி 81 துண்டுகளோடு வருகிறது. ஷாவ்மியின் 3.6 வோல்ட் கருவி 12 நுனிகளோடு வருகிறது. அவை எஸ்2 எனப்படும் கடின எஃகு, முறுக்கு விசை ஐந்து நியூட்டன் மீட்டர். 81-ஐயும் 12-ஐயும் மட்டும் ஒப்பிட்டு யாரும் முடிவெடுக்க முடியாது என்பதற்கு இதுவே போதும். பெயரில்லாத பெட்டியில் நாற்பத்தைந்து மெல்லிரும்பு நுனிகள் இருப்பதைவிட ஆறு எஸ்2 நுனிகள் மேல். ஏற்கெனவே மலிவுப் பெட்டி வாங்கியவர்கள் கருவியைத் தூக்கிப்போட வேண்டாம். பிஎச் 2, பிஇசட் 2 இரண்டையும் மட்டும் ஹார்ட்வேர் கடையில் நல்லதாக வாங்கிப் போட்டுப் பார்க்கட்டும். பாதி நோய் தீர்ந்துவிடும்.

பேட்டரிதான் ஆயுள்

கம்பியில்லாத டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்தது. நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடிய கருவி. நிக்கல் காட்மியம் சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கும். ஆண்டுக்கு நாலு தடவை திருகாணி இறுக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது. 2003-இல் போஷ் நிறுவனம் ஐஎக்ஸ்ஓ என்ற சின்னத் திருப்புளியில் லித்தியம் அயன் பேட்டரியைப் போட்டு விற்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கருவி வீட்டுச் சாமான் ஆனது. மாதக்கணக்கில் இழுப்பறையில் கிடந்தாலும் எடுத்தவுடன் சுழல்வது அதனால்தான். ஐஎக்ஸ்ஓவில் முறுக்கைக் கட்டுப்படுத்தும் தலையையும், மூலைக்குள் நுழையும் வளைந்த தலையையும் தனியாக வாங்கி மாட்ட முடியும்.

மலிவுப் பெட்டிகளில் இன்னமும் நிக்கல் காட்மியம் வருகிறது. அடையாளம் சுலபம்: 4.8 வோல்ட் என்று போட்டிருக்கும், சார்ஜ் ஏறப் பல மணி நேரம் ஆகும் என்றிருக்கும். 3.6-ஐ விட 4.8 பெரிய எண் என்பதால் அதுதான் நல்லது என்று எடுத்துவிடுகிறார்கள். 1.2 வோல்ட் பேட்டரிகள் நான்கைச் சேர்த்த பழைய கருவி அது.

லித்தியத்துக்குப் பகை சூடு. நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள், முன்கண்ணாடிக்குக் கீழே கருவியை விட்டுவைத்தால் அதன் ஆயுள் பாதியிலேயே முடியும். முழுதாக இறங்கவும் விடக்கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றிவைத்தால் போதும். இரவெல்லாம் மெத்தைமேல் போட்டுச் சார்ஜ் ஏற்றுவது கைப்பேசிக்கு எவ்வளவு ஆபத்தோ, இதற்கும் அவ்வளவு ஆபத்து.

புதிய கருவிகளில் டைப்-சி துளை இருக்கும். இரண்டு பக்கமும் டைப்-சி முனையுள்ள கம்பியில் போட்டால் சில கருவிகளில் சார்ஜே ஏறாது. அதைப் பழுதென்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம். பழைய தட்டை முனையிலிருந்து டைப்-சிக்கு வரும் கம்பியில் போட்டுப் பார்க்கலாம், ஏறிவிடும். கருவியோடு தனிச் சார்ஜர் வந்தால் மலேசியாவில் சிரிம் முத்திரையும், சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கால் சார்ஜராக இருந்தால் நம் வீடுகளில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: மூன்று துளைச் சுவிட்சின் மேல்துளையில் பேனாவையோ திருப்புளியையோ குத்திக்கொண்டு சார்ஜரைச் செருகுவது. அதைச் செய்யவே கூடாது. மாற்றுச் செருகி சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது.

மின்சாரம் ஓடும் இடம் வேறு கதை. இந்தக் கருவியின் நுனி வெறும் இரும்பு, மின்காப்பு கிடையாது. சுவிட்ச், மின்விசிறி, விளக்கு எதன் மூடியைத் திறப்பதாக இருந்தாலும் சுவர் சுவிட்சை அணைத்தால் போதாது, மெயின் பெட்டியில் அந்தப் பாதையையே அணைக்க வேண்டும். 230 வோல்ட் யாருக்கும் இரண்டாம் வாய்ப்புக் கொடுக்காது. வயரை மாற்றும் வேலை என்றால் பதிவுபெற்ற வயர்மேனைத்தான் அழைக்க வேண்டும்.

கடையில் நிற்கும்போது

யார் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்கள் கைதான் பிடித்துப் பார்க்க வேண்டும். மகனின் கைக்குப் பொருந்துவது அம்மாவின் கைக்குப் பருமனாக இருக்கும். முன்னோக்கியும் பின்னோக்கியும் மாற்றும் விசையைப் பெருவிரலாலேயே தள்ள முடிகிறதா, நுனியைக் காந்தம் இறுகப் பிடிக்கிறதா, விளக்கு திருகாணியின் மேல் விழுகிறதா என்று பார்க்கலாம். நேராக நீட்டியும் துப்பாக்கி போல மடித்தும் வைக்கக்கூடிய வகை, ஆழமான அலமாரிக்குள் கை நுழைக்க உதவும். ஆனால் மடியும் மூட்டு ஆடினால் வேண்டாம். நுனியை விரலால் பிடித்து அசைத்தால் அதிகமாக ஆடும் கருவி திருகாணியிலும் ஆடும்.

விலை ஐம்பது ரிங்கிட்டுக்குக் கீழேயும் உண்டு, இருநூறைத் தாண்டியும் உண்டு. இணையத்தில் வாங்குவோர் விற்பவர் யார், உத்தரவாதம் உள்ளூரில் உண்டா என்று பார்ப்பது அவசியம். ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பொருள் பழுதாகி விற்பவர் கைவிரித்தால், மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நூறு ரிங்கிட் கருவிக்கு யார் அலைவது என்று விட்டுவிடுவதால்தான் சில விற்பனையாளர்கள் துணிகிறார்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை பொதுவாக விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவரின் பொறுப்பு.

பேட்டரி ஒருநாள் சாகத்தான் செய்யும். பெரும்பாலான சின்னக் கருவிகளில் அதை வெளியே எடுத்து மாற்ற முடியாது. செத்த கருவியை வீட்டுக் குப்பையோடு போட்டால் குப்பை லாரிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் இதற்கென்றே திட்டம் நடக்கிறது. நுனிகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அடுத்து வாங்கப்போகும் கருவிக்கும் அதே 6.35 மில்லிமீட்டர்தான்.